சுதாகர் கொடுத்த ரத்தம்

கண்ணு,

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகை யார் யாருக்கு வைப்பது என்று போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "சுதாகருக்கு வேண்டாம்மா. அவன் வரமாட்டான். வந்தாலும் எனக்கு அவங்கிட்டப் பேச ஒண்ணுமில்ல" என்று சொன்னாய். சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தாலும் சொல்லக்கூடாததைச் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். அவன் நம் வீட்டுப் படியேறி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. மத்தியானம் வரை இருந்து, உன் அப்பாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னான். கிளம்பும்போது என்னிடம், "கார்த்திகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்கு வாய் வராது" என்றான். "எல்லாத்தையுமா?" என்று கேட்டேன். "எல்லாத்தையுந்தானுங்க. எதையும் மறைக்க வேண்டாம்" என்றான். அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ கோபப்படுவாய், நான் தடுமாறுவேன், விஷயம் பாதியில் நிற்கும். உட்கார்ந்து முதலிலிருந்து படி.

அப்பாவைக் காட்டெருமை முட்டிய நாளிலிருந்து தொடங்குகிறேன். நீ அப்போது கோயம்புத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாய், லீவுக்கு வந்திருந்தாய். அப்பா காலை ஷிஃப்டுக்கு எஸ்டேட் குறுக்குப் பாதையில் டீ ஃபேக்டரிக்கு நடந்து போயிருக்கிறார். மூடுபனியில் எதிரில் நின்றது தெரியவில்லை. இலை பறிக்க வந்த பெண்கள்தான் சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியிருக்கிறார்கள். அவர்களில் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் சுதாகரின் அம்மாவும் ஒருத்தி. கோத்தகிரியில் பார்த்துவிட்டு, மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டுகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று ஊட்டிக்கு அனுப்பினார்கள். நான் ஊட்டியில் ரத்த வங்கியில் டூட்டியில் இருந்தேன். தியேட்டரிலிருந்து ரத்தம் கேட்டு வந்த சீட்டில் உன் அப்பாவின் பெயர் இருந்தது. அதற்குப் பிறகுதான் உன் போன் வந்தது. எங்கள் டாக்டர் அந்தச் சீட்டை என் கையிலிருந்து வாங்கி, என்னோடு வேலை பார்க்கும் ஃபிலோமினாவிடம் கொடுத்துவிட்டு, "நீங்க வெளிய உக்காருங்க. இதுல உங்க கை வேண்டாம்" என்றார். சரியான பேச்சு அது.

நீயும் சுதாகரும் மூச்சிரைக்க வந்து நின்றீர்கள். நீ ரத்தம் கொடுக்கிறேன் என்று சட்டைக் கையைச் சுருட்டினாய். எடை பார்த்தபோது நாற்பத்து மூன்று கிலோ. நாற்பத்தைந்துக்குக் கீழே இருந்தால் எடுக்க மாட்டோம். நீ சண்டை போட்டாய், ஃபிலோமினா திட்டினாள். அப்போது சுதாகர், "நான் குடுக்கறேனுங்க" என்று முன்னால் வந்தான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். எடை சரி, ஹீமோகுளோபின் சரி. மஞ்சள்காமாலை வந்திருக்கிறதா, பச்சை குத்தியிருக்கிறாயா, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்ட எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். உண்மையாகத்தான் சொன்னான், அவனுக்கே தெரியாது. அவன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பை தராசில் ஆடி ஆடி நிறைந்துகொண்டிருந்தது. அதில் ஒட்டியிருந்த எண் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. "அம்மா, இது அப்பாவுக்கேதானுங்க போகும்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் அவன் தோளைத் தட்டினேன்.

ஏன் பதில் சொல்லவில்லை என்றால், அது அப்பாவுக்குப் போகாது. இதை நீ இன்றுவரை புரிந்துகொள்ளவில்லை. உன் மேல் தப்பில்லை. பெரும்பாலான பேர் ஒருவர் கையிலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் ஏற்றிவிடுகிறோம் என்றுதான் நினைக்கிறார்கள். எடுத்த ரத்தத்தை யாருக்கும் அப்படியே கொடுக்க மாட்டோம். பையை ஒரு ஃபிரிட்ஜில் தனியாக வைப்போம். அந்த ஃபிரிட்ஜில் இருப்பதெல்லாம் இன்னும் பரிசோதிக்காதவை. கூடவே எடுத்த சின்ன டியூப்களில்தான் சோதனை நடக்கும். எந்த குரூப் என்று இரண்டு விதமாகப் பார்ப்போம். பிறகு எச்.ஐ.வி., மஞ்சள்காமாலையில் பி, சி என்று இரண்டு வகை, மேகநோய் என்கிற சிபிலிஸ், மலேரியா. எல்லாம் சுத்தம் என்றால்தான் பை அடுத்த ஃபிரிட்ஜுக்கு மாறும். அதில் ஒன்றுகூடச் சந்தேகமாக இருந்தாலும் மாறாது. அன்று அப்பாவுக்கு ஏற்றியது, சில வாரங்களுக்கு முன் ஏதோ ஒரு முகாமில் முன்பின் தெரியாத யாரோ படுத்துக் கொடுத்து, இந்தச் சோதனையெல்லாம் தாண்டி ஃபிரிட்ஜில் காத்திருந்த ரத்தம். அந்தப் பைகளிலிருந்து துளி எடுத்து அப்பாவின் ரத்தத்தோடு சேர்த்து, திரிகிறதா என்று பார்த்து, திரியவில்லை என்றான பிறகு ஃபிலோமினா தியேட்டருக்கு அனுப்பினாள். மலையில் எங்களிடம் எப்போதும் இருப்பு குறைவு. அதனால்தான் போகிற பைக்குப் பதிலாக முடிந்தவர்கள் கொடுங்கள் என்று உறவுக்காரர்களைக் கேட்கிறோம். சுதாகர் கொடுத்தது அப்படி, இருப்புக்காக.

அப்பா என்னைக் கேலி செய்வது உனக்கு ஞாபகம் இருக்கும். "ஊட்டிக் குளுருக்கு உங்களுக்கு எதுக்கு ஃபிரிட்ஜு? சன்னல்ல வச்சாப் போதாதா?" என்பார். போதாது. உறைபனி விழுகிற காலையில் வைத்தால் ரத்த அணுக்கள் உறைந்து உடைந்துபோகும், வெயில் ஏறிய மத்தியானம் வைத்தால் கெட்டுப்போகும். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக்கூடாது, ஆறுக்கு மேலே ஏறக்கூடாது. ஏறினால் மணி அடிக்கும். வார்டுக்குப் போன பை அரை மணிக்கு மேல் வெளியே இருந்துவிட்டால், திறக்காமலே இருந்தாலும் திரும்ப வாங்க மாட்டோம். அப்படியே வைத்தாலும் முப்பத்தைந்து நாள்தான் ஆயுசு, அதற்குத் தகுந்த மருந்து கலந்த பை என்றால் இன்னும் ஒரு வாரம் கூடும். என் வேலையில் பாதி, கொடுக்கலாமா கூடாதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளி வைப்பதுதான். நான் வீட்டிலும் அப்படியே இருக்கிறேன் என்று நீ சொல்வாய். இருக்கலாம்.

அடுத்த நாள் அப்பா ஐ.சி.யூ.வில் கண் திறந்தார். பார்க்கிற நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வாசலில் சும்மா உட்கார முடியாமல் கீழே போய் வேலையில் சேர்ந்துகொண்டேன். முந்தின நாள் எடுத்தவற்றின் சோதனைத் தட்டு தயாராக இருந்தது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டு அது, ஒரு குழிக்கு ஒருவர் ரத்தம். சுத்தமாக இருந்தால் கடைசியில் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். மஞ்சள்காமாலையின் பி வகைக் கிருமி பார்க்கிற தட்டில் ஒரு குழி மட்டும் மஞ்சளாக இருந்தது. எங்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். ஆனால் அந்த எண்ணை நான் முந்தின நாள் சுதாகரின் பையில் பார்த்திருந்தேன். டாக்டரிடம் சொன்னேன். மறுபடி இரண்டு குழிகளில் போட்டுப் பார்த்தோம், இரண்டும் மஞ்சள். பையை எடுத்துத் தனியாகக் கட்டினோம். அதிகச் சூட்டில் வேகவைத்துக் கிருமியைக் கொன்ற பிறகு எரிக்க அனுப்பிவிடுவார்கள். அன்று அந்தப் பையைக் கொண்டுபோய் வைத்தது நான்தான். வேறு யாரையும் விடவில்லை. அந்தப் பையன் ஆசையோடு கொடுத்தது என்று எனக்குத்தானே தெரியும்.

பிறகு எங்கள் டாக்டர் அவனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். அவன் வெளியே வந்தபோது நான் வராந்தாவில் நின்றிருந்தேன். "உங்களுக்குத் தெரியுமாங்கம்மா?" என்று கேட்டான். "நாந்தான் பாத்தேன்" என்றேன். "கார்த்திகிட்டச் சொல்லிடாதீங்க. அப்பாகிட்டயும்" என்றான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். என் வேலையே அது. சொல்றதா இருந்தா நீதான் சொல்லணும், உனக்குத் தோணுறப்போ" என்றேன். அவனுக்கு அது எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாது. பிறக்கும்போதே வந்திருக்கலாம். பி வகைக் கிருமி ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, தொட்டுப் பேசுவதாலோ, பக்கத்தில் படுத்துத் தூங்குவதாலோ பரவாது. புருஷன் பெண்டாட்டி உறவிலும் ரத்தம் பட்டாலும்தான் பரவும். அதனால் ரேஸர், பல் தேய்க்கிற பிரஷ் மட்டும் பங்கு போடக்கூடாது. கூட இருக்கிறவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அந்தப் பயமும் இல்லை. அந்த வாரமே உனக்கு ரத்தம் பரிசோதித்து முதல் ஊசி போட்டேன். "லேப்ல வேலை பாக்கறவ ஊட்ல எல்லாரும் போட்டுக்கணும்" என்று சொன்னேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

இதற்குள் நீ ஊரெல்லாம் சொல்லிவிட்டாய், சுதாகர் ரத்தத்தால்தான் அப்பா பிழைத்தார் என்று. அப்பா வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்ததும் அதைப் பிடித்துக்கொண்டார். சுதாகர் வீட்டார் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் அல்லவா, அவன் அம்மா இடித்துக் கொடுத்தனுப்பும் தேங்காய்ச் சம்பலை அப்பா அதுவரை தொட்டதில்லை. அப்புறம் கேட்டு வாங்கினார். "இவன் ரத்தம் ஏறினதுல இருந்து எனக்குச் சம்பல் இல்லாமச் சோறு எறங்கறதில்ல" என்று யார் வந்தாலும் சொல்வார். எல்லாரும் சிரிப்போம். சுதாகர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வான், நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். உன் அப்பாவின் சந்தோஷத்தை நான் ஒரே வாக்கியத்தில் திருத்தியிருக்கலாம். ஆனால் அப்படியானால் அவன் ரத்தம் எங்கே போயிற்று என்று அடுத்துக் கேட்பார், அதற்குப் பதில் சொன்னால் சுதாகரின் விஷயம் வெளியே வந்துவிடும்.

ரேஸர் விஷயம் உனக்கு மறந்திருக்காது. உனக்கு இரண்டு ஊசி முடிந்து மூன்றாவது பாக்கி இருந்த சமயம். பொங்கலுக்கு அவன் நம் வீட்டில் தங்கினான். காலையில் நீ ஷேவ் செய்துவிட்டு அதே ரேஸரை அவனிடம் நீட்டினாய். வேண்டாம் என்றான். "அட, சும்மா வழிச்சுக்கடா" என்று அவன் கையில் திணித்தாய். அவன் வழித்த ரேஸரையே நாளைக்கு நீ எடுப்பாய் என்று நான் குறுக்கே வந்து, "குடு இப்படி" என்று பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. "ஏம்மா, லயத்துப் பையன் தொட்டா உனக்குத் தீட்டா? அவன் ரத்தம் அப்பா ஒடம்புல ஓடறப்போ தெரியலியா?" என்று கேட்டாய். சுதாகர், "விடுறா கார்த்தி, அவங்க அப்படி நெனைக்கல" என்றான். அவன் சாப்பிடாமல் கிளம்பிப் போனான். மறுநாள் நீ மேட்டுப்பாளையம் பஸ் ஏறும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்றாவது ஊசிக்குப் போன் செய்து கெஞ்சி வரவழைத்தேன். கையை நீட்டினாய், வாயைத் திறக்கவில்லை. உன் அம்மா ஆள் பார்த்துப் பழகுகிறவள் என்று நம்பி, ஒரு வருஷம் நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்துவிட்டாய், ஆனால் அந்த நினைப்பு உன்னைவிட்டுப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்குப் பெண் கேட்டு நித்யா வீட்டாரைப் பார்க்கப் போனபோது, "அம்மா, அவங்க ஊட்ல எதையும் மொகம் சுளிச்சுறாதே" என்று சொன்னாயே.

அந்த ஒரு வருஷம் எனக்கு லேசாக இல்லை. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, இன்று சொல்லிவிடலாம், மகனிடம்தானே என்றுகூட நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார். ஊட்டியில் கட்டிலில் படுத்துக் கையை நீட்டுகிற ஒவ்வொருவரும், இங்கே தெரிகிற விஷயம் இந்த அறையைத் தாண்டாது என்று நம்பித்தான் நீட்டுகிறார்கள். என் மகனுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு என்றால், ஃபிலோமினா தன் அண்ணனுக்கு ஒரு விதிவிலக்கு வைத்துக்கொள்வாள். இத்தனை சின்ன ஊர்களில் அது எங்கே போய் நிற்கும்? நீ என்னைத் தப்பாக நினைப்பதை நான் தாங்கிக்கொள்ளலாம். அவனை லயத்திலும் வேலைக்குப் போகிற இடத்திலும் தள்ளி உட்காரச் சொன்னால் அவன் தாங்கமாட்டான். அப்படித்தான் முடிவு செய்தேன். அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். வலித்தது என்பது வேறு.

உனக்கு அவன் மேல் உள்ள கோபத்துக்கும் காரணம் இதுதான். அவன் மேட்டுப்பாளையம் மில்லில் எலக்ட்ரீஷியன் வேலைக்குச் சேர்ந்த பிறகு நீ பார்க்கப் போனாய், மில் கேட்டிலேயே நின்று இரண்டு வார்த்தை பேசி அனுப்பிவிட்டான், வேலை கிடைத்ததும் மாறிவிட்டான் என்று சொன்னாய். அவன் தங்கியிருந்த அறைக்கு உன்னைக் கூட்டிப் போயிருந்தால், நீ ராத்திரி தங்குவாய், அவன் சோப்பு, அவன் ரேஸர், அவன் துண்டு எல்லாவற்றையும் எடுப்பாய். உனக்கு எதையும் கேட்டு எடுத்துப் பழக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்குச் சொல்ல அவனுக்கு அலுத்துவிட்டது. உனக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று நான் அவனிடம் சொல்லியிருந்தேன். பயம் அப்படிக் கணக்குப் பார்த்துப் போவதில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவனுக்கும் பெண் பார்த்திருக்கிறார்கள், குன்னூர்ப் பக்கம். பார்க்கப் போன இடத்தில், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, அந்தப் பெண்ணிடம் முதலில் இதைச் சொல்லியிருக்கிறான். எழுந்து போய்விடும் என்று நினைத்தானாம். "அந்தப் புள்ள, 'இதுக்கு ஊசி இருக்குதுங்களா?'ன்னு கேட்டுச்சுங்கம்மா. இருக்குதுன்னேன். 'அப்பப் போட்டுக்கறேன்'னுச்சு. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம். அந்தப் பெண்ணிடம் சொல்ல முடிந்தபின் இனி யாரிடமும் சொல்லலாம் என்று தோன்றி, நேராக நம் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். "அப்பா, அன்னைக்கு நான் குடுத்த ரத்தம் உங்களுக்கு ஏறலைங்க" என்று ஆரம்பித்தான். எல்லாவற்றையும் சொன்னான். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா புள்ள?" என்றார். "தெரியுமுங்க" என்றேன். "இத்தன வருசமா?" "ஆமாங்க." பிறகு அவன் பக்கம் திரும்பி, "இப்ப ஒடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூரில் ஈரல் டாக்டரிடம் காட்டுவதையும், கிருமி அடங்கியே இருப்பதையும், இப்போதைக்கு மாத்திரைகூடத் தேவையில்லை என்பதையும் சொன்னான். "நான் வர்றவன் போறவங்கிட்டயெல்லாம் உன் ரத்தம் உன் ரத்தம்னு சொன்னனே, உனக்கு எப்படிடா இருந்திருக்கும்" என்றார் அப்பா. "நீங்க சொல்றப்போ அந்தக் கிருமி நெசமாவே உங்களுக்கு ஏறுன மாதிரிதாங்க இருக்கும். அதான் வர்றத நிறுத்திட்டேன்" என்றான். அப்பா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டதும் படுத்துக் கையை நீட்டுனியா இல்லியா?" "நீட்டுனேனுங்க." "அது எனக்குப் போதும்" என்றார். நான் அடுப்படிக்குப் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ நித்யாவோடு வாழப்போகிறாய். நான் உனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவருக்கொருவர் எதையும் மறைக்கக்கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். உன்னைப் பற்றியதை அவளிடம் மறைக்காதே, அது சரி. அடுத்தவர் உன்னை நம்பிச் சொன்னதைக் கட்டின பெண்டாட்டி கேட்கிறாள் என்று சொல்லாதே. அவளும் தன் தோழியைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருந்தால், உன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. யாராவது காரணம் சொல்லாமல் விலகிப் போனால், ஏன் என்று உனக்கு நீயே ஒரு காரணம் எழுதிக்கொள்ளாமல் கொஞ்சம் பொறுத்துப் பார். நீ என்னைப் பற்றி எழுதிக்கொண்ட காரணமும் தப்பு, அவனைப் பற்றி எழுதிக்கொண்டதும் தப்பு. இதற்காக நீ மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். உனக்குத் தெரிந்ததை வைத்து நண்பனுக்காகத்தான் என்னோடு சண்டை போட்டாய். அந்தப் பொங்கல் ராத்திரி நான் அழுதாலும், என் பையன் யாரையும் கீழே வைக்க விடமாட்டான் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. இன்னொன்று, கல்யாணத்துக்கு முன் நீங்கள் இருவரும் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள், நித்யாவுக்கும் ஊசி போடச் சொல். இது சுதாகருக்காக இல்லை, எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பாவுக்குத்தான் ஒரு குழப்பம். திங்கட்கிழமை காலையில் என்னோடு ஊட்டி பஸ் ஏறினார், கண் காட்டப் போகிறேன் என்று. வழியெல்லாம், "அப்ப எனக்கு ஏறுனது யாரோடதா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் தெரியாது, எங்கேயோ முகாமில் கொடுத்தது, இத்தலாராக இருக்கலாம், வெலிங்டனாக இருக்கலாம் என்றேன். நடுவில் ஒரு பெண் குழந்தையோடு ஏறினாள். எப்போதும் சன்னலோரத்தை விட்டுக்கொடுக்காத மனிதர் எழுந்து இடம் கொடுத்தார். நான் ஆச்சரியமாகப் பார்த்தேன். "யாரோடதுன்னு தெரியாதல்ல புள்ள. எல்லார்கிட்டயும் கொஞ்சம் பாத்துத்தான் நடந்துக்கணும்" என்றார்.

நீ வெள்ளிக்கிழமை வருகிறாய் என்று சுதாகரிடம் சொன்னேன். அன்று அவனுக்கு ஷிஃப்ட் இல்லை. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோத்தகிரி வண்டி நிற்கிற இடத்தில் இருப்பான். அவனாக எதுவும் பேசமாட்டான், நீ வந்து இறங்கும்வரை வருவாயா மாட்டாயா என்று பார்த்துக்கொண்டிருப்பான். பத்திரிகையை உன் கையாலேயே கொடு. இரண்டு பேரும் சேர்ந்து மேலே வாருங்கள், சமைத்து வைத்திருக்கிறேன்.

அம்மா